உதவி என்னும் சொல்லும் அதன் ஆங்கில நிகர்களும்

அருஞ்சொல்லைக் காணும் மாணாக்கன் அகராதியை நாடுகின்றான். எளிய சொல்லைக் காணுமிடத்துத் தனக்குத் தெரிந்ததே என்றெண்ணி வாளா கடந்து செல்கின்றான். ஆதலினாலே எளிய சொற்களே பெரிதும் வழுப்படுகின்றன. அத்தகைய சொற்களுள் ஒன்று 'ஹெல்ப்' என்னும் ஆங்கிலச் சொல். அதன் பொருள் யாதென வினவினால், கீழ் வகுப்பு மாணவனும் 'உதவி' என்று தயங்காது விடையிறுப்பான். அவ்விடை பிழையன்று, எனினும் முழுமை பெற்றதுமன்று.

தமிழ் கற்பிக்கும் நாம் ஆங்கிலச் சொல்லொன்றைப் பற்றி எழுதப் புகுந்தமை அன்பர் சிலருக்கு வியப்பளிக்கலாம். நாம் பெற்றது பயிற்றப்பட்ட தமிழாசிரியர் தராதரப்பத்திரமேயன்றி ஆங்கிலப் பட்டமன்று. ஆயினும், நம் மாணவர் இச்சொல்லைக் கையாளுமிடத்து இழைக்கும் வழுக்களுட் பல, தமிழிலே எண்ணி ஆங்கிலத்திலே எழுதுவதாற் பிறப்பன. பிழையின் வேர் தமிழிலே இருக்குமாயின், அதனைத் தேடிக் காட்டுதல் தமிழாசிரியர்க்கும் கடனாகும்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியொன்றை முதலிற் கூறுவாம். சில ஆண்டுகளுக்கு முன்னர், நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஒருநாள் மாலை நம் இல்லத்துக்கு வந்தார். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றிலே 'ஆசிரியர் உதவியாளர்' என்னும் பெயரில் நியமனம் பெற்றுப் பணியாற்றியவர் அவர். கண்டி நகரிலுள்ள ஒரு நிறுவனத்தில் ஆசிரியர் பதவியொன்றுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பித்திருந்தார். ஐந்தாம் வகுப்புக்குத் தாம் கணிதம் கற்பித்ததைக் குறிக்க, 'ஐ அசிஸ்டட் இன் டீச்சிங்' என்று அவ்விண்ணப்பத்திலே எழுதியிருந்தார். நேர்முகப் பரீட்சையில் அமர்ந்திருந்தோர், "நீர் எந்த ஆசிரியருக்குத் துணையாக நின்றீர்?" என்று கேட்டனர். "எவருக்குமில்லை, வகுப்பு முழுவதையும் நான் தனியே கற்பித்தேன்" என்று இவர் விடை கூறினார். "அங்ஙனமாயின் விண்ணப்பத்திலே வேறுவிதமாக எழுதியிருக்கின்றீரே" என்றனர் அவர்கள். கற்பித்தல் அனுபவத்துக்குரிய புள்ளி அவருக்குக் கிட்டவில்லை, பதவியும் கிட்டவில்லை.

"சேர், பணிவாக இருக்கட்டும் என்றுதான் அப்படி எழுதினேன். நான் செய்த பிழை என்ன?" என்று அவர் நம்மை வினவினார். அவ்வினாவுக்கு அன்று நாம் கூறிய விடையையே இங்கு சிறிது விரித்து எழுதுகின்றோம்.

மூன்று சொற்கள், மூன்று நிலைகள்

நாம் 'உதவி' என ஒரே சொல்லாற் கூறுவதை ஆங்கிலர் 'ஹெல்ப்', 'அசிஸ்ட்', 'எய்ட்' என மூன்று சொற்களாற் கூறுவர். இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வோர் பலர். ஆங்கில அகராதிகளும் ஒன்றற்கு மற்றொன்றைப் பொருளாக எழுதுதலால் மயக்கம் மிகுகின்றது. இம்மூன்றும் ஓரிடத்து நிற்கும் சொற்களல்ல.

'ஹெல்ப்' என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ஜேர்மன் முதலிய இனமொழிகளிலும் அதன் உடன்பிறப்புகள் உள. வீட்டிலும் வீதியிலும் வழங்குவது அதுவே. உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னும் வேறுபாட்டை அது உணர்த்துவதில்லை. தாய்க்குப் பிள்ளை செய்வதும் 'ஹெல்ப்'. பிள்ளைக்குத் தாய் செய்வதும் 'ஹெல்ப்'.

'அசிஸ்ட்' என்பது இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'அருகே நிற்றல்' என்பதே அதன் வேர்ப்பொருள். ஒருவர் ஒரு செயலைச் செய்ய, மற்றொருவர் அவர் அருகே நின்று வேண்டியதைச் செய்து கொடுத்தலை அது குறிக்கும். சத்திரசிகிச்சை செய்பவர் வைத்தியர். அவருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் தாதி 'அசிஸ்ட்' செய்கின்றார். செயலுக்குத் தலைவர் ஒருவர், துணைவர் ஒருவர் என இருவரை இச்சொல் வேண்டி நிற்கும். நம் மாணவர் தலைவரும் தாமே துணைவரும் தாமே ஆகி நின்றும், துணைவர்க்குரிய சொல்லை எழுதினார். அதனைப் படித்தோர் தலைவர் யாரெனத் தேடினர்.

'எய்ட்' என்பதும் இலத்தீன் வேரினதே. பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. இக்காலத்து அது பெரும்பாலும் பெயர்ச்சொல்லாகவே வழங்குகின்றது. பணம், பண்டம், நிவாரணம், கருவி ஆகியன அதனாற் குறிக்கப்படும். வெள்ளத்தால் வீடிழந்தோர்க்கு அனுப்பப்படும் அரிசியும் துணியும் 'எய்ட்'. செவிப்புலன் குறைந்தோர் காதில் அணியும் கருவியும் 'எய்ட்'. வகுப்பறையிலே தொங்கும் தேசப்படமும் 'எய்ட்'.

இவ்வேறுபாட்டை மாணவர் மறவாதிருக்க நாம் வகுப்பிலே கூறும் உதாரணம் ஒன்றுண்டு. மகாவலியின் சுழியில் அகப்பட்டவன் கரையை நோக்கி 'ஹெல்ப்' என்றே கூவுவான். 'அசிஸ்ட்' என்று கூவுவானாயின், நீந்துவதைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் தன் சட்டையை மட்டும் பிடித்துக்கொள்ளுமாறும் கேட்பது போலாகும். 'எய்ட்' என்று கூவுவானாயின், கரையில் நிற்பவர் பணம் சேர்க்கத் தொடங்கினும் தொடங்குவர்.

சொல்லால் நிலையறிதல் தமிழர்க்குப் புதிதன்று. ஒன்றை வேண்டுங்கால் இழிந்தோன் 'ஈ' என்றும், ஒப்போன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் கூறுதல் மரபென்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலிலே வகுத்துரைத்தார். மூன்றும் கொடைப்பொருளனவே. எனினும், சொல்லைக் கேட்டவுடன் சொல்வோன் எங்கு நிற்கின்றான் என்பது புலப்படும். அவ்விலக்கணத்தை அறிந்த தமிழ் மாணவனுக்கு மேற்கூறிய ஆங்கில வேறுபாடு அரிதாகத் தோன்றாது.

வேற்றுமையால் வரும் வழு

இனி வாக்கியத்திலே நிகழும் வழுக்களை நோக்குவாம். நான்காம் வேற்றுமைக்கு நன்னூலார் கூறும் பொருள்களுள் முதலாவது கொடை. உதவுதலும் கொடையின்பாற்பட்டதாதலின் தமிழிலே 'எனக்கு உதவினான்' என்கின்றோம். 'என்னை உதவினான்' என்று கூறுவதில்லை. இவ்வழக்கை அவ்வாறே ஆங்கிலத்துக்குக் கொண்டு செல்லும் மாணவன் 'ஹெல்ப் டு மீ' என்று எழுதுகின்றான். இக்கால ஆங்கிலத்தில் உதவி பெறுபவர் செயப்படுபொருளாக நிற்பர். இடையிலே 'டு' வருதல் கூடாது. 'ஹெல்ப் மீ' என்பதே முறை.

இங்கு ஓர் ஆறுதலும் உண்டு. பழைய ஆங்கிலத்திலே இவ்வினைச்சொல் நான்காம் வேற்றுமையைக் கொண்டதுண்டு. ஜேர்மன் மொழியில் இன்றும் அவ்வாறே கொள்கின்றது. நம் அயலிலே வாழும் சிங்கள மக்களும் 'மட்ட உதவ் கரன்ன' என்று, நம்மைப் போல 'எனக்கு' என்றே கூறுவர். ஆகவே நம் மாணவன் மொழியறிவு அற்றவனல்லன்; மாறிப்போன வழக்கை அறியாதவன் மட்டுமே.

இரண்டாவது வழு எண் பற்றியது. 'தாங்கள் செய்த உதவிகளை மறவேன்' என்பது நல்ல தமிழ். இதனை எழுத்துக்கெழுத்து ஆங்கிலமாக்கி 'ஹெல்ப்ஸ்' என எழுதுவது அம்மொழிக்கு ஒவ்வாது. இப்பொருளிலே 'ஹெல்ப்' எண்ணப்படாப் பெயர். நீரையும் காற்றையும் போல்வது. பல உதவிகளாயினும் 'ஹெல்ப்' என்று ஒருமையிலேயே நிற்கும். 'உதவி செய்' என்பதை 'டு ஏ ஹெல்ப்' என்று எழுதுதலும் இத்தகையதே. ஆனால் ஒருவரைக் குறித்து, அவர் எனக்குப் பெருந்துணையாயிருந்தார் என்னும் கருத்தில் 'ஏ கிறேட் ஹெல்ப்' எனல் பொருந்தும். ஆங்கு அச்சொல் செயலைக் குறியாது ஆளைக் குறித்தது.

மூன்றாவது வழு, பின்வரும் வினை பற்றியது. 'ஹெல்ப்' என்பதை அடுத்து வரும் வினையோடு 'டு' சேர்த்தும் சேர்க்காமலும் எழுதலாம், இரண்டும் வழக்கே. 'அசிஸ்ட்' என்பதற்கு அவ்வுரிமை இல்லை. அதன்பின் 'இன்' அல்லது 'வித்' என்னும் இடைச்சொல் வருதலே செவ்விய வழக்கு.

உதவி என்னும் பொருள் அறவே தோன்றாத இடங்களும் உண்டு. சிரிப்பை அடக்கமாட்டாத ஒருவர் 'ஐ கான்ட் ஹெல்ப் லாஃபிங்' என்பார். சிரிப்பதற்கு உதவ முடியாது என்பது அதன் பொருளன்று. சிரியாதிருக்க முடியவில்லை என்பதே பொருள். 'இட் கான்ட் பி ஹெல்ப்ட்' என்றால் 'வேறு வழியில்லை' என்க. விலக்குதல், பரிகாரம் செய்தல் என்னும் பொருள் அச்சொல்லுக்கு உண்டாதலின் இவ்வழக்குகள் பிறந்தன.

விருந்திலே 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்பது வேண்டியதைத் தாமே எடுத்து உண்ணுமாறு உபசரிக்கும் மொழி. நாம் மாணவராயிருந்த காலத்தில் ஒரு தேநீர் விருந்திலே வீட்டுக்காரர் இதனைக் கூறினார். 'உனக்கு நீயே உதவி செய்துகொள்' என்று பொருள் கொண்ட நாம், ஏதோ குறை கண்டு கூறினார் போலும் எனக் கருதி, வடையைத் தொடாமலே வீடு திரும்பினோம். அன்று பட்ட பசி இவ்வழக்கை இன்றளவும் நமக்கு நினைவூட்டுகின்றது.

அயலார் மொழியில் நம் சொல்

கண்டியிலே வாழும் நமக்கு மொழிகளை ஒப்புநோக்கும் வாய்ப்பு நாள்தோறும் கிடைக்கின்றது. மத்திய சந்தையிலே காய்கறி வாங்கும்போதும் பஸ்ஸிலே மூட்டை ஏற்றும்போதும் 'உதவ்வ' என்னும் சிங்களச் சொல் நம் காதில் விழும். அது நம் 'உதவி' என்னும் சொல்லே. தமிழிலிருந்து சிங்களத்துக்குச் சென்ற சொற்களுள் ஒன்றாக அறிஞர் அதனைக் குறிப்பர்.

மற்றொரு சொல்லோ இரு மொழியிலும் இருந்துகொண்டு நம்மை மயக்கும். நிவாரணம், பொருளுதவி என்பனவற்றைச் சிங்களத்தில் 'ஆதார' என்பர். தமிழிலே 'ஆதாரம்' என்றால் அடிப்படை அல்லது சான்று. நம் நாட்டிலுள்ள 'ஆதார வைத்தியசாலை' என்னும் பெயரில் வரும் ஆதாரம் அடிப்படை என்னும் பொருளதே. அவ்வைத்தியசாலையைச் சிங்களத்தில் 'மூலிக ரோஹல' என வழங்குவர். ஒரே வடசொல் இரு மொழியிலும் புகுந்து இரு வழியிற் சென்றமைக்கு இது சான்றாகும்.

பெயர்ப்பலகையில் உதவி

ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குமிடத்து வரும் இடர்ப்பாட்டையும் நோக்குதல் வேண்டும். ஒருவருக்கு அடுத்த நிலையிலுள்ள உத்தியோகத்தரை ஆங்கிலர் 'அசிஸ்டன்ட்' என்றனர். அதனை நம்மவர் 'உதவி' என்றாக்கினர். உதவி அரசாங்க அதிபர், உதவிக் கல்விப் பணிப்பாளர், உதவி விரிவுரையாளர் என்னும் பெயர்கள் இவ்வாறு தோன்றின. இங்கு 'உதவி' என்பது பதவியின் படிநிலையைக் காட்டுவதேயன்றி, அவர் பிறர்க்கு உபகாரம் செய்பவர் என்பதைக் காட்டுவதன்று.

நம் தோட்டத்து மக்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர் போலும். தோட்டத்துச் சுப்பிரிண்டனைப் 'பெரியதுரை' என்றழைத்த அவர்கள், அவருடைய 'அசிஸ்டன்ட்'டை 'உதவித்துரை' என்று அழைக்கவில்லை. 'சின்னத்துரை' என்றே அழைத்தனர். அப்பதவியிலே உதவி சிறிதுமில்லை, படிநிலையே உள்ளது என்பதை எழுத்தறியாத முதியோரும் கண்டுகொண்டனர். மொழிபெயர்ப்பாளர் எவரும் இதனினும் பொருத்தமான சொல்லை ஆக்கியிருத்தல் அரிது.

இனி நம் மாணவரின் பதவிப்பெயரை எடுத்துக்கொள்வாம். 'உதவி ஆசிரியர்' என்பதும் 'ஆசிரியர் உதவியாளர்' என்பதும் ஒன்றல்ல. முன்னையதில் ஆசிரியர் என்பதே தலைச்சொல். அவர் ஆசிரியர், தலைமையாசிரியருக்கு அடுத்த நிலையிலிருப்பவர். முன்னாளில் நம் பாடசாலைகளிலே தலைமையாசிரியர் ஒழிந்த ஏனையோர் அனைவரும் உதவியாசிரியர் எனப்பட்டனர். பின்னையதில் உதவியாளர் என்பதே தலைச்சொல். ஆசிரியர் வேறொருவர், இவர் அவருக்கு ஏவல் செய்பவர். தொகைநிலையில் எச்சொல் இறுதியில் நிற்கின்றதோ அதுவே ஆளைக் குறிக்கும் என்பது தமிழிலக்கணம்.

மலையகத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளராக நியமனம் பெற்றோர்க்கு முதலில் மாதம் 6,000 ரூபாவும் பின்னர் 10,000 ரூபாவும் கொடுப்பனவாக வழங்கப்பட்டன. அது சம்பளம் எனப்படவில்லை, கொடுப்பனவு எனப்பட்டது. ஆசிரியர் பற்றாக்குறை நிலவிய பாடசாலைகளிலே அவர்களுட் பலர் ஓர் ஆசிரியர் ஆற்றவேண்டிய கடமை முழுவதையும் ஆற்றினர். கரும்பலகையின் முன் நின்றவர் ஒருவரே. அவர் யாருக்கு உதவியாளர்? பெயரிலே ஒரு சொல் இடம் மாறி நின்றமையால் மதிப்பும் ஊதியமும் மாறி நின்றன. சொல்லாராய்ச்சி ஓய்வு நேரத்து விளையாட்டு எனக் கருதுவோர் இதனைச் சிந்திப்பாராக.

உதவி பெற்ற பாடசாலைகள்

'அசிஸ்ட்' என்னும் சொல் முறையாக நின்ற இடமொன்றும் நம் கல்வி வரலாற்றில் உண்டு. பழைய மாணவருள் மூத்தோர் 'உதவி நன்கொடை பெறும் பாடசாலை' என்னும் தொடரை அறிவர். 1869ஆம் ஆண்டிலே இலங்கையிற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பெற்ற பின்னர், சமயச் சார்புள்ள பாடசாலைகளுக்கு அரசினர் நன்கொடை வழங்கும் முறை வேரூன்றியது. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரும், அரசின் நன்கொடை பெற்றுத் தம் முகாமையின் கீழ் இயங்கிய பாடசாலைகள் நாடெங்கும் இருந்தன. இந்து சமயத்தாரின் பாடசாலைகளும் அவற்றுள் அடங்கும்.

ஆங்கிலச் சட்டத்தில் அவை 'அசிஸ்டட் ஸ்கூல்ஸ்' எனப்பட்டன. பாடசாலையை நடத்தியோர் ஒருவர். அருகே நின்று துணைபுரிந்தது அரசு. ஆகவே அச்சொல் மிகப் பொருத்தமானதே. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் அவற்றுட் பெரும்பாலானவற்றை அரசின் கீழ்க் கொணர்ந்தன. அருகே நின்றவர் நடத்துநராக மாறியதும் 'உதவி பெறும்' என்னும் அடைமொழி அப்பாடசாலைகளை விட்டு நீங்கியது. நிலை மாறியவிடத்துச் சொல்லும் மாறல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

பெறுவோர் மானம்

இன்னுமொன்று கூறி முடிப்பாம். வறியோர்க்கும் முதியோர்க்கும் அரசினர் மாதந்தோறும் வழங்கிவந்த சிறு தொகையை ஆங்கிலத்தில் 'பப்ளிக் அசிஸ்டன்ஸ்' என்பர். அரசாங்கத் தமிழிலே அது பொதுசன உதவிப்பணம். சிங்கள மக்கள் பேச்சுவழக்கில் அதனைப் 'பின்படி' என்றனர். புண்ணியச் சம்பளம் என்பது அதன் பொருள். தமிழ்ப் பேச்சுவழக்கிலோ 'பிச்சைச் சம்பளம்' என்றனர். பணம் ஒன்றே, திறைசேரியும் ஒன்றே. ஒரு பெயர் கொடுப்பவருடைய புண்ணியத்தை நோக்கியது. மற்றொரு பெயர் வாங்குபவருடைய கையை நோக்கியது. தபாற்கந்தோர் வாசலிலே வரிசையில் நின்ற நம் பாட்டிமாருக்கு, அத்தொகையை விட அப்பெயரே பாரமாயிருந்திருக்கும்.

திருக்குறளின் 11ஆம் அதிகாரத்தைக் கற்ற நாம், உதவியின் பெருமை அதன் அளவிலன்று, அது செய்யப்பட்ட காலத்திலும் பெற்றவர் பண்பிலுமே தங்கியுள்ளது என்பதை அறிவோம். அவ்வறிவு உதவியை அழைக்கும் பெயரிலும் புலப்படல் வேண்டும்.

இந்த ஜூபிலி ஆண்டிலே பழைய மாணவர் கல்லூரிக்குப் பலவகையாலும் கைகொடுத்து வருகின்றனர். நூலகத்துக்கு நூல்கள், வறிய மாணவர்க்குப் பாதணியும் பயிற்சிப் புத்தகங்களும், வகுப்பறைக்குச் சாதனங்கள் என அவை பெருகுகின்றன. அவற்றை அறிவிக்கும் பலகையிலே 'தருமம்' என்றோ 'வறியோர்க்கான உதவி' என்றோ எழுதாது, 'பழைய மாணவர் துணை' என எழுதுமாறு வேண்டுகின்றோம். துணை என்பது உடன் நிற்பது. கற்பவன் மாணவன், அவன் அருகே அண்ணன்மார் நிற்கின்றனர். 'அசிஸ்ட்' என்னும் சொல்லின் வேர்ப்பொருளும் அதுவேயன்றோ?

மாணவர்க்கும் ஒரு சொல். பிறர் செய்ததைத் தாம் செய்ததாகக் கூறுதல் பொய். தாம் செய்ததைப் பிறர் செய்ததுபோற் கூறுதலும் உண்மையன்று. அதனைப் பணிவென்று மயங்கற்க. நம் இல்லத்துக்கு வந்த அந்த மாணவர் மறுமுறை விண்ணப்பம் எழுதியபோது, 'அசிஸ்டட்' என்பதை அடித்துவிட்டு 'டோட்' என்று எழுதினார்; 'கற்பித்தேன்' என்பது அதன் பொருள். பின்னர் இலங்கை ஆசிரியர் சேவையிலும் சேர்க்கப்பெற்றார். இன்று அவருடைய வகுப்பு மாணவர் எழுதும் ஆங்கிலக் கடிதங்களில் 'ஹெல்ப் டு மீ' என்னும் வழுவைக் காணுந்தோறும், நம்மிடம் கேட்ட விளக்கத்தை அவர்களுக்குத் தாம் கூறுவதாக எழுதியிருந்தார். அதுவே அவர் நமக்குச் செய்த கைம்மாறு.